பல் செய்த பாவம் என்ன?

சென்ற மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தன் இலையில் விழுந்த முறுக்கை எடுத்து என் இலையில் வைத்துவிட்டு வாயைத் திறந்து காட்டினான். வலது பக்கத்துக் கடைவாயில் இரண்டு பற்களைக் காணோம்.

"போன வாரந்தான் ரெண்டையும் பிடுங்கி எறிஞ்சேன்டா. விட்டது சனியன்!" என்றான். பழைய கடன் ஒன்றைத் தீர்த்துவிட்டு வந்தவனைப் போல அவன் முகத்தில் ஒரு நிம்மதி.

"இரண்டும் முழுக்கக் கெட்டுப் போயிருந்ததா?" என்று கேட்டேன்.

"அது யாருக்குத் தெரியும்? வலிச்சுது, பிடுங்கியாச்சு."

"டாக்டரைக் கேட்கவில்லையா?"

"கேக்கறதுக்கு என்னடா இருக்கு? பல்லுதானே!"

இலையில் பாயசம் விழுந்துவிட்டதால் அங்கே நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் 'பல்லுதானே' என்ற வார்த்தை என்னோடு ரயிலேறி ஊர் வரைக்கும் வந்துவிட்டது. நம் ஜனங்களில் படித்தவர், படிக்காதவர், பணம் உள்ளவர், இல்லாதவர் என்ற பேதமில்லாமல் அத்தனை பேரும் சொல்கிற வார்த்தை அது. அந்த ஒரு வார்த்தைக்கு நான் எழுதும் பதில்தான் இந்தக் கட்டுரை.

கதை எழுதுகிறவனுக்குப் பல் வைத்தியத்தைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எனக்குள்ள யோக்கியதை ஒன்றே ஒன்று. என் வாயில், வலது பக்கத்துக் கீழ்த் தாடையில், அரைப் பல் ஒன்று இருக்கிறது. பேச்சுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அது அரைப் பல்தான். ஒரு வேரும் பாதிப் பல்லும் போய், மற்ற வேரும் மற்றப் பாதியும் இருந்த இடத்திலேயே நின்று நான்கு வருஷங்களாக எனக்குச் சோறு மென்று கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த அரைப் பல்லின் சார்பில்தான் நான் வக்காலத்து வாங்கியிருக்கிறேன்.

வழக்கைச் சொல்வதற்கு முன்னால், எதற்காக வாதாடுகிறேன் என்பது வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். பல் என்று நாம் கண்ணாடியில் பார்ப்பது பல்லின் தலையை மட்டும்தான். அதன் உடம்பு எலும்புக்குள்ளே வேராகப் புதைந்திருக்கிறது. முன்பற்களுக்கு ஒரே வேர். கீழ்க் கடைவாய்ப் பற்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர்கள், முன்னே ஒன்று, பின்னே ஒன்று. மேல் கடைவாய்ப் பற்களுக்குப் பெரும்பாலும் மூன்று: கன்னத்துப் பக்கம் இரண்டு, அண்ணத்துப் பக்கம் ஒன்று. ஒவ்வொரு வேருக்கும் தனியாக ஒரு குழி, சுற்றிலும் எலும்பு, எலும்புக்கும் வேருக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். மெல்லும்போது விழுகிற அடியைத் தாங்கிக்கொள்வதும், சோற்றில் ஒரு மணல் கிடந்தால் 'நிறுத்து' என்று தாடைக்குச் சேதி சொல்வதும் அந்தப் படலம்தான்.

ஆகவே, ஒரு கடைவாய்ப் பல் கெட்டுவிட்டது என்றால் எந்த வேர் கெட்டது என்ற கேள்வி உடனே எழ வேண்டும். இரண்டு வேர்களில் ஒன்று பிளந்து, அதைச் சுற்றியுள்ள எலும்பு கரைந்து சீழ் கட்டியிருக்கலாம். மற்ற வேர் உறுதியாக நிற்கலாம். அப்படியானால் கெட்ட வேரை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு நல்ல வேரோடு பல்லை வைத்துக்கொள்ளலாம். மேல் பல்லில் மூன்றில் ஒரு வேரை வெட்டிவிட்டுப் பல்லின் தலையை முழுசாக விட்டு வைப்பதும் உண்டு. கீழ்ப் பல்லை நடுவே இரண்டாகப் பிளந்து கெட்ட பாதியை மட்டும் எடுப்பதும் உண்டு. ஒற்றை வேர்ப் பல்லில் வேரின் நுனியில் மட்டும் நோய் இருந்தால், ஈறைத் திறந்து, எலும்பில் சின்ன ஜன்னல் ஒன்று வைத்து, நுனியில் சுமார் 3 மில்லிமீட்டர் வெட்டி, வெட்டிய வாயைப் பின்பக்கத்திலிருந்து மருந்துக் கலவையால் அடைத்துவிடுவார்கள். வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைக்கிற 'ரூட் கெனால்' சிகிச்சை மட்டும் போதாத இடத்தில் செய்கிற வேலைகள் இவை.

இது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த வித்தை என்றும் நினைக்க வேண்டாம். 1884-லேயே அமெரிக்காவில் ஃபாரர் என்ற பல் வைத்தியர், தீராத சீழ்க்கட்டிக்குப் பரிகாரமாகப் பல்லின் வேரை வெட்டி எடுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். நூற்று நாற்பது வருஷத்துப் பழைய சங்கதி. ஆனாலும் நம்மில் நூற்றுக்கு எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்? என் பல் என்னைப் படுத்துகிற வரையில் நானும் கேள்விப்பட்டதில்லை.

என் கதை இதுதான். பல வருஷங்களுக்கு முன் ரூட் கெனால் செய்து கேப் போட்ட பல் அது. ஒரு நாள் பக்கத்து ஈறு வேர்க்கடலை அளவுக்கு வீங்கியது. வழக்கம்போலக் கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டேன். அடங்கியது, பத்து நாளில் திரும்ப வந்தது. இப்படியே மூன்று மாதம். பல் வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடுவதில் நான் யாருக்கும் இளைத்தவன் அல்ல என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியில் போனேன். போன இடம் பெரிய இடம். குளிர்சாதன அறை, சாய்வு நாற்காலி, சுவரில் வெள்ளைக்காரர்கள் சிரிக்கிற படங்கள். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் வைத்துவிடலாம்" என்றார். முழுதாக அரை நிமிஷம் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். நான் யோசிக்கிறேன் என்றதும், ஒரு பெண் வந்து தவணை முறையில் பணம் கட்டும் வசதியைப் பற்றி எனக்கு விளக்கத் தொடங்கினாள். பல்லைப் பற்றி அங்கே பேசியதைவிடத் தவணையைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

அந்த டாக்டர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. இம்ப்ளாண்ட் என்பது மோசடியும் அல்ல. ஸ்வீடனில் பிரானமார்க் என்ற ஆராய்ச்சியாளர் டைட்டானியம் எலும்போடு ஒட்டி வளர்வதைக் கண்டறிந்து, 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அதைப் பொருத்தினார். பல்லே இல்லாதவர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். என் புகார் வேறு. இரண்டு வழி இருந்த இடத்தில் எனக்கு ஒரு வழியைத்தான் காட்டினார்கள். இரண்டையும் சொல்லி, "இது மேல் என்று நான் நினைக்கிறேன்" என்றிருந்தால் அவருக்கு ஒரு நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்திருப்பேன். ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றைக் காட்டுவதற்கு வைத்தியத்தில் என்ன பெயரோ எனக்குத் தெரியாது. கடைவீதியில் அதற்குப் பெயர் உண்டு.

ஒரு சிநேகிதர் சொல்லி வேறொரு டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பெண். மாடியில் ஒரே அறை, மின்விசிறி மட்டும். அந்தப் பெண் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய கம்பி ஒன்றை விட்டுச் சுற்றிலும் ஆழம் பார்த்தாள். பல்லின் பின்பாதியில் கம்பி இறங்கவில்லை. முன்பாதியில் ஓர் இடத்தில் மட்டும் சரசரவென்று இறங்கியது. எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "சார், உங்க முன்வேர் நெடுக்கப் பிளந்திருக்கு. அதைக் காப்பாத்த முடியாது. ஆனா பின்வேர் கல்லு மாதிரி இருக்கு. அது என்ன தப்பு பண்ணிச்சு?" என்றாள்.

இந்தக் கட்டுரையின் தலைப்பை எனக்குக் கொடுத்தவள் அந்தப் பெண்தான்.

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுப் பல்லை நடுவே அறுத்தாள். முன்பாதியை வேரோடு எடுத்தாள். சீழ் இருந்த குழியைச் சுரண்டிக் கழுவித் தையல் போட்டாள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகியிருக்கும். ஒரு வாரத்தில் தையல் பிரித்தாயிற்று. குழி ஆறி எலும்பு கூடுவதற்குச் சில மாதங்கள் விட்டு, மிச்சமிருந்த பாதியையும் அதற்கு முன்னாலுள்ள பல்லையும் சேர்த்து ஒரு பாலம் கட்டினாள். மொத்தச் செலவு, முதல் டாக்டர் இம்ப்ளாண்ட்டுக்குச் சொன்ன தொகையில் பாதிக்குச் சற்று அதிகம். முறுக்கை அந்தப் பக்கத்தில் கடிக்கக்கூடாது என்பது உத்தரவு. கும்பகோணத்துப் பந்தியில் நான் இரண்டு முறுக்கையும் இடது பக்கத்தில்தான் கடித்தேன்.

இவ்வளவுதானா, ஒரு பல்லுக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். எனக்குப் பல் என்றால் என் அம்மாவின் ஞாபகம்தான் வரும்.

அம்மாவுக்கு நாற்பது வயசுக்குள்ளேயே பற்கள் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. வலி வரும், புகையிலையை அடக்கிக்கொள்வாள், தாங்க முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வருவாள். அன்று ராத்திரி எங்களுக்குப் பழைய சோறு. மறுநாள் வழக்கம்போல அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒரு பல் போன இடத்தில் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இடம் தேடி நீண்டு இறங்கும், தாங்குவதற்கு வேர் இல்லாமல் போன எலும்பு நாளடைவில் கரையும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நாற்பத்தைந்தாவது வயசில் அவளால் மெல்ல முடிந்தது குழைந்த சோறும் ரசமும்தான். எங்களுக்கு வறுத்த கடலையை உரித்துக் கொடுத்துவிட்டுத் தோலை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 'எனக்குப் பிடிக்காதுடா' என்பாள். அவளுக்குக் கடலை பிடிக்காது என்றே நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். என் தாய்மாமா ஒருநாள், 'சின்ன வயசில் உங்கம்மா மடியில் எப்போதும் கடலை இருக்கும்' என்று சொன்னபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. என் அம்மாவுக்குச் சொல் மட்டும் போகவில்லை; சிரிப்பும் போயிற்று. பிற்காலத்தில் எடுத்த ஒரு போட்டோவிலும் அவள் வாயைத் திறந்து சிரிக்கவில்லை. அந்தப் பற்களில் எத்தனையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று இப்போது கணக்குப் பார்ப்பதில் அர்த்தமில்லை. சில பற்களையாவது காப்பாற்றியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை அவள் வாழ்நாளில் யாரும் கேட்கவே இல்லை. அவளும் கேட்கவில்லை. பல்லுதானே!

பிடுங்கச் சொல்கிறவர்கள் மூன்று தரப்பாக வருகிறார்கள்.

முதல் தரப்பு, நம்முடைய சோம்பேறித்தனம். 'வலிக்கிறது, எடுத்துவிட்டால் தீர்ந்தது' என்ற தர்க்கம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனுடைய தர்க்கம் இது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற மூடநம்பிக்கை நம் கிராமங்களில் இன்றும் இருக்கிறது. அது சுத்தப் பொய். அந்தப் பொய் பல்லைக் காப்பாற்றவாவது உபயோகப்பட்டதா என்றால் அதுவும் இல்லை. அதற்குப் பயந்து வருஷக்கணக்கில் டாக்டர் வாசலை மிதிக்காமல் இருந்துவிட்டு, இனி எந்த வைத்தியமும் பலிக்காது என்ற கட்டத்தில் பிடுங்கிக்கொள்ளப் போகிறோம். பிடுங்குவதற்குப் பயந்தே பிடுங்க வைத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது தரப்பு, 'வேர் செத்த பல்லை வாயில் வைத்திருந்தால் உடம்பு முழுக்க விஷமேறும்' என்கிற இயற்கைப் பிரியர்கள். ஏதோ பண்டைய ஞானம் போல இதைச் சொல்கிறார்கள். இது நம் பாட்டன் சொத்து அல்ல. மேல்நாட்டார் தூக்கி எறிந்த பழைய சரக்கு. 1910-இல் வில்லியம் ஹண்டர் என்ற லண்டன் மருத்துவர் கனடாவில் மாண்ட்ரியல் நகரத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். சீழ் பிடித்த வேர்களுக்கு மேலே தங்கத்தால் கேப்பும் பாலமும் கட்டுவதைச் சமாதி கட்டுவதற்கு ஒப்பிட்டு அவர் கண்டித்தார். அவர் கண்டித்த அரைகுறை வேலை கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு, மூட்டுவாதம் முதல் மனநோய் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பல்லே காரணம் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்து ட்ரென்டன் மனநோய் ஆஸ்பத்திரியில் 1907 முதல் தலைமை வகித்த ஹென்றி காட்டன், பைத்தியம் தெளியும் என்று நோயாளிகளின் பற்களைப் பிடுங்கித் தள்ளினார். அதோடும் நிற்கவில்லை, பிறகு குடலையும் அறுத்தார். பலர் செத்துப்போனார்கள். கடைசியில், 1938-இல் செசில், ஆஞ்செவைன் என்ற இரு டாக்டர்கள் 200 மூட்டுவாத நோயாளிகளை ஆராய்ந்து பார்த்து, பல்லையும் டான்சிலையும் எடுத்ததால் அந்த நோய்க்குப் பலனில்லை என்று எழுதினார்கள். செசில் அந்தக் கொள்கையை முன்பு ஆதரித்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். தான் நம்பியது தப்பு என்று தெரிந்ததும் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை இன்று நம்மூரில் அதே சரக்கை விற்கிறவர்களுக்கு வருமா?

பிடுங்குவதே வழக்கமானால் ஒரு தேசம் எந்தக் கதிக்கு ஆளாகும் என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. 1968-இல் எடுத்த கணக்கில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயது வந்தவர்களில் 100-க்கு 37 பேருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. பாதி உலகத்தை ஆண்டவர்கள் பல் செட்டைத் தம்ளரில் போட்டுவிட்டுத் தூங்கினார்கள். பிறகு அவர்களுக்குப் புத்தி வந்தது. பல்லைக் காப்பது என்ற எண்ணம் வேரூன்றியது. 2009-ஆம் வருஷத்துக் கணக்கில் அந்த 37 என்பது 6-ஆகக் குறைந்துவிட்டது. நாற்பது வருஷத்தில் ஒரு ஜனசமூகத்தின் வாய் மாறியிருக்கிறது. பல் விழுவது தலைவிதி என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது தரப்புதான் கெட்டிக்காரத் தரப்பு. அவர்கள் புள்ளிவிவரத்தோடு வருவார்கள். 'வேரை அறுத்த பல் எத்தனை நாள் நிற்கும்? வீண் செலவு' என்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் போனால் நான் வக்கீலே அல்ல.

1981-இல் அமெரிக்காவில் லாங்கரும் அவருடைய கூட்டாளிகளும் வேர் நீக்கிய 100 பற்களைப் பத்து வருஷக் கணக்கில் பார்த்தார்கள். 38 பற்கள் தோற்றன. பெரும்பாலானவை ஐந்து வருஷத்துக்கு மேல் நின்றுவிட்டுத்தான் தோற்றன. அதிகமாகத் தோற்றதற்குக் காரணம், மிச்சமிருந்த வேர் பாரம் தாங்காமல் பிளந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் 38 தோற்றது என்றால் 62 நின்றது என்றுதானே அர்த்தம்? பிடுங்கிய 100 பற்களில் எத்தனை நிற்கும்? பிறகு 1998-இல் இத்தாலியில் கார்னிவாலேயும் அவரைச் சேர்ந்தவர்களும் பல்லைக் கவனமாகத் தேர்ந்தெடுத்து, பிறகும் விடாமல் கண்காணித்துப் பார்த்ததில் பத்து வருஷத்துக்குப் பின் 100-க்கு 93 நின்றிருந்தன. வேர் நுனியை வெட்டுகிற சிகிச்சையிலும் இதே கதைதான். 2010-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, பழைய முறையில் 100-க்கு 59 வெற்றி. நுண்ணோக்கியும் நுண்கருவிகளும் புதிய அடைப்புக் கலவைகளும் கொண்டு செய்கிற முறையில் 94.

இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஒன்று விளங்கும். எந்தப் பல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள், யார் செய்கிறார்கள், பிறகு நோயாளி எப்படிப் பார்த்துக்கொள்கிறான் என்ற மூன்றில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. ஆகவே எல்லாப் பல்லையும் காப்பாற்றியே தீரவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்திருந்தால் பிரித்து அறுக்க முடியாது. மிச்சமாகிற வேரைச் சுற்றி எலும்பே இல்லையென்றால் அதை நிறுத்தி வைத்துப் பயனில்லை. பல் தேய்க்கச் சோம்பல்படுகிறவனுக்கும், புகையிலையை விடாதவனுக்கும் இந்தச் சிகிச்சை செய்து என்ன பலன் என்று டாக்டர் தயங்கினால் அந்தத் தயக்கம் நியாயமானது. அப்படிப்பட்ட பல்லை எடுக்கத்தான் வேண்டும். என் பல்லிலும் ஒரு பாதியை எடுக்கத்தானே செய்தார்கள்? விசாரித்துத் தண்டிப்பதை நான் எதிர்க்கவில்லை. விசாரணையே இல்லாமல் தூக்கில் போடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிற இடம். 'நீர் பணம் உள்ளவர், பல்லை அறுத்தும் கட்டியும் வைத்துக்கொள்ளலாம். கூலி வேலை செய்கிறவன் என்ன செய்வான்?' என்று ஒருவர் கேட்டால் எனக்குத் தலை குனிகிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவனுக்கு நாலைந்து தடவை வந்து போகிற சிகிச்சையைச் சொன்னால் அவன் சிரிப்பான். அவனுக்கு ஒரே தடவையில் முடிகிற காரியம் வேண்டும். பிடுங்குவதுதான் ஒரே தடவையில் முடியும். டாக்டருக்கும் அன்றைக்கு இன்னும் நூறு பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே அந்த இருவரில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குற்றம் சொல்ல வேண்டியது வேறு இடத்தில். நம் நாட்டு மருத்துவ இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். இருதயத்தை அறுத்தால் பணம் உண்டு, முழங்காலை மாற்றினால் பணம் உண்டு. விபத்தில் உடைந்தாலொழியப் பல்லுக்குப் பணம் இல்லை என்றுதான் பெரும்பாலானவற்றில் எழுதியிருக்கும். பல் என்பது மனுஷ உடம்பில் சேர்ந்ததில்லை போலும்! அது ஏதோ சட்டைப் பித்தான், போனால் வேறொன்று தைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். சட்டம் எழுதுகிறவனும் பாலிசி எழுதுகிறவனும் சொல்வதும் என் நண்பன் சொன்ன அதே வார்த்தைதான். பல்லுதானே! பணக்காரனுக்குப் பல் போனால் டைட்டானியம். ஏழைக்குப் பல் போனால் குழைந்த சோறு. இரண்டு பேருக்கும் இருந்த பல்லைக் காப்பது பற்றி யாருக்கும் அக்கறையில்லை. காப்பதில் பெரிய லாபமும் இல்லை, பெரிய விளம்பரமும் இல்லை. மாடியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பொறுமையாக அறுக்க வேண்டியிருக்கிறது.

அரசாங்கம் மாறட்டும், பாலிசி மாறட்டும் என்று காத்துக்கொண்டிருந்தால் அதற்குள் நம் வாய் காலியாகிவிடும். அதுவரைக்கும் வாசகர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது; அதற்குக் காசு வேண்டாம். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறப்பதற்கு முன்னால், வாயைத் திறந்து மூன்று கேள்வி கேளுங்கள். 'கெட்டது எந்த வேர்? மற்ற வேரைச் சுற்றி எலும்பு எப்படி இருக்கிறது? அதை மட்டும் வைத்துக்கொண்டால் எத்தனை நாள் வரும், என்ன செலவாகும்?' நல்ல டாக்டராக இருந்தால் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிப் பதில் சொல்வார். பதில் 'எடுக்கத்தான் வேண்டும்' என்றிருந்தால் நிம்மதியாக எடுத்துக்கொள்ளுங்கள். கேள்விக்குக் கோபித்துக்கொள்கிறவராக இருந்தால் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வேறு டாக்டரைப் பாருங்கள்.

கும்பகோணத்திலிருந்து வந்த மறு வாரம் என் நண்பனுக்குக் கடிதம் எழுதி இந்த மூன்று கேள்விகளையும் அனுப்பினேன். போன் செய்தான். "போனது போச்சுடா, இனிமே எதுக்கு?" என்றான்.

"இடது பக்கம் இன்னும் இருக்கிறதல்லவா?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "இருக்குடா. அதுலயும் ஒண்ணு கொஞ்ச நாளா வலிக்குது" என்றான்.

மாடியில் இருக்கும் அந்தப் பெண்ணின் விலாசத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டான்.